ஏழாவது கேள்வி

அறக்கட்டளையின் படிவம் கொழும்பிலிருந்து வந்தது.
பதினொரு கேள்விகள்.
ஆறு வரைக்கும் தடையில்லை:
மன்றத்தின் பெயர், பதிவிலக்கம், தலைவி, பொருளாளர்,
வங்கியில் இருப்பு நாலாயிரத்து இருநூறு ரூபா.
ஸ்டெல்லா சொல்லச் சொல்ல
போட்டோக்கொப்பிக் கடைப் பொடியன் தட்டினான்,
பக்கத்துக்கு அறுபது ரூபா.

ஏழு:
ஏற்படும் மாற்றத்தை எவ்வாறு அளப்பீர்கள்?

வெளியே ஹட்டன் பஸ் ஸ்டாண்டில்
மழை எதையும் அளக்காமல் கொட்டியது.
பெண்கள் பக்கக் கதவில் இரண்டு வருடத்துப் பூட்டு.
திறப்பு நகர சபையில் என்றார்கள்,
நகர சபையில் கேட்டால் கொந்தராத்துக்காரரிடம்,
அவர் மஸ்கெலியாவில் மகளோடு இருக்கிறார்,
ஞாபகமில்லையாம்.

புடவைக்கடை, பாமசி, நகைக்கடை, வங்கிக் கவுண்டர்:
ஆறே முக்கால் பஸ்ஸில் நோர்வூட்டில் ஏறியவர்கள்
இரவு ஏழுக்குத்தான் வீடு திரும்புவார்கள்.
அதுவரை அடக்கிக்கொள்வார்கள்.
அடக்க முடியாதவர்கள் குடிக்காமல் இருப்பார்கள்.
தேயிலை மலைகளுக்கு நடுவில்
பகலில் ஒரு பிளேன்டீ குடிக்காத பெண்கள்.
பாமசி ரேணுகாவுக்கு இரண்டு தடவை சிறுநீரில் கிருமி.
தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று எழுதிக்கொடுத்தார் டொக்டர்.
மருந்தை அவளே எடுத்து, அவளே பில் போட்டாள்.

பயனாளிகள் எத்தனை பேர்?
இரண்டு மாலை பஸ் வரிசையருகே நின்று எண்ணினோம்,
ஒரு ஆளுக்கு ஒரு தீக்குச்சி,
இடப் பையிலிருந்து வலப் பைக்கு.
அறுநூற்றுப் பதினேழு. நனைந்த குச்சிகளையும் சேர்த்து.

திட்ட அதிகாரி நேரில் வந்தார், நல்ல மனிதர்.
இந்த ஆண்டு எங்கள் கவனம் புத்தாக்கத்தில், என்றார்.
கழிப்பறையில் புதிதாக என்ன இருக்கிறது?
தவமலர் சொன்னாள்: தண்ணீர்.
கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி
பக்கத்தில் எங்கே என்று கேட்டார்.
ஆண்கள் பக்கத்தைக் காட்டினோம்.
போய்த் திரும்பியவர்
கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல்
குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

பணம் வந்தது. மூன்று கதவு கேட்டோம், இரண்டு.
தாங்கி உண்டு, மோட்டர் உண்டு, மின்குமிழ் உண்டு.
துப்புரவு செய்பவரின் சம்பளம் இல்லை:
சம்பளங்களுக்கு நாங்கள் நிதி தருவதில்லை.
மூன்றாவது கதவின் விலையில் ஒரு நீலப் பலகை,
அவர்கள் பெயரோடு, கட்டாயம்.

யார் கழுவுவது?
அந்தக் கூட்டத்தில் விழுந்த மௌனத்தை
அறிக்கைப் புத்தகத்தில் நான் எழுதவில்லை.
செயலாளர் நான்தான்.
நகர சபை லயத்திலிருந்து யாரையாவது, என்று தொடங்கினார் தலைவி.
அந்த லயத்தில் பிறந்த தவமலர்
மேசைவிரிப்பின் நூலொன்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.
ஸ்டெல்லா கலண்டரைக் கழற்றித்
திங்களில் தன் பெயரை எழுதினாள்.
செவ்வாயில் தலைவியின் பெயரை, கேட்காமலே.
புதன் எனக்கு.
இப்போதும் புதன் எனக்குத்தான்.

ஆறு மாத அறிக்கைக்கு நாளை கடைசி நாள்.
அதே கேள்வி, இம்முறை இறந்தகாலத்தில்.
வருகைப் பதிவு இருக்கிறது, இருபது ரூபா டிக்கட்டின் அடிக்கட்டை இருக்கிறது,
பலகையோடு எடுத்த படம் இருக்கிறது,
அதில் யாரும் சிரிக்கவில்லை.
ஆனால் மூலைத் தேநீர்க்கடை பளீல் நானா
நேற்று என்னிடம் முறைப்பட்டார்:
மூன்றரை மணியானால் இந்தப் பொம்பளைப் பிள்ளைகள்
கூட்டமாக வந்துவிடுகிறார்கள்,
மாதம் முடியுமுன் சீனி மூட்டை காலி.

இதற்கென்று படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.
பிற குறிப்புகள் என்ற இடத்தில்
இரண்டு வரி மட்டும் விட்டிருந்தார்கள். எழுதினேன்:

ரேணுகா மூன்றரைக்கு ஒரு பிளேன்டீ குடிக்கிறாள்.
சில நாள் இரண்டு.