பதினான்காம் பொத்தான்

பதினான்காம் பொத்தானை அழுத்தினால்
நான் பேசுவேன்.
பதின்மூன்று துருக்கி, பதினைந்து உக்ரைன்,
நடுவில் என் தொண்டை.

அம்மாபேட்டையில் ஒரு செல்போன் கடை மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை.
இரண்டு பக்கமும் விசைத்தறி,
ஓடும்போது மைக்கைத் திறக்க முடியாது.
கரண்ட் போனால் தறி நிற்கும்,
யுபிஎஸ்ஸில் நாற்பது நிமிஷம் கிடைக்கும் என்று
கண்டுபிடித்தவன் ஜெரால்டு.
அதனால் ஊர் அணையும்போதெல்லாம்
செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவேன்.
கைப்பேசி வெளிச்சத்தில் படியேறி
மூச்சு அடங்கும் முன்னே சொல்வேன்:
“விளக்குகளில் ஜொலிக்கும் புடாபெஸ்ட் நகரம்
உங்களை அன்புடன் வரவேற்கிறது.”

ஃபேன் கூடாது, சத்தம் வரும்.
முதுகில் வேர்வை இறங்க இறங்க
“மேல்தளத்தில் குளிர் அதிகம்,
பணியாளரிடம் போர்வை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.”

சென்னையிலிருந்து வந்த மொழிபெயர்ப்பில்
படகு நிற்கும் இடம் துறைமுகம் என்றிருந்தது.
படித்துறை என்று நானே மாற்றினேன்.
யாரும் கேட்கவில்லை.
டான்யூபுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஆறு திருமணிமுத்தாறு.
சேர்வராயனில் இருக்கும்வரை
அந்தப் பேர் அதற்குப் பொருந்தும்.
பழைய பஸ் ஸ்டாண்டுப் பாலம் வரும்போது
ஜன்னலோரப் பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள்.
இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள் என்று
அந்த ஆற்றைப் பற்றி எவரும் சொன்னதில்லை.

சங்கிலிப் பாலத்துச் சிங்கங்களுக்கு
நாக்கு செதுக்க மறந்துபோனார்கள் என்றொரு கதை.
“புன்னகையோடு சொல்லவும்” என்று குறிப்பு.
சொன்னேன்.
“பல்லு தெரியுதுக்கா குரல்ல,
இன்னொரு தடவை” என்றான் ஜெரால்டு.

அடுத்த பக்கம்:
“வலக்கரையோரம் அறுபது ஜோடிக் காலணிகள்.
இரும்பில் வார்த்தவை.
போர்க்காலத்தில் காலணிகளைக் கழற்றச் சொல்லி
வரிசையில் நிறுத்தி
ஆற்றுக்குள் விழும்படி சுட்டுக் கொல்லப்பட்ட
யூதர்களின் நினைவாக.”
இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று
குறிப்பு இல்லை.
மூன்று விநாடி இடைவெளி, என்று மட்டும்.
பிறகு பார்லிமெண்ட், அறுநூற்றுத் தொண்ணூற்றோர் அறைகள்.

மூன்று விநாடி எனக்குப் போதவில்லை.
அறை வாசலில் கிடந்த என் ரப்பர் செருப்பையும்
அவனுடைய கிழிந்த ஷூவையும்
பார்த்தபடி இருந்துவிட்டேன்.
கரண்ட் வந்தது.
இரண்டு பக்கமும் தறிகள்
யாரோ சொன்ன மாதிரி ஒன்றாக எழுந்தன.
“விடுங்க, வெட்டிடறேன்” என்றான்.
அன்றைக்கு அவனுக்கு
ஒரு வளைகாப்பு வீடியோ வேறு பாக்கி இருந்தது.

இது நடந்து இரண்டு வருஷம்.

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ஷமீனா.
பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு,
குகையில் அவள் அத்தா நாலு தறி வைத்திருந்தார்.
காற்றுக்கு மேலே கத்தினாள்:
“ஏய் வசுமதி, நீதானே இது?
மொதல்ல தெரியல புள்ள,
செய்தி வாசிக்கிறவ மாதிரி பேசிட்டே வர்ற.
செருப்பு வந்துச்சு பாரு, அதுக்கப்புறம் பேச்சே இல்ல.
அந்த எடத்துல தறி ஓடுது.
இவரு படகு இன்ஜின்னு சாதிக்கிறாரு.
எனக்குத் தெரியாதா?
அது நம்மூர்த் தறி.”

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி
போனில் வைத்துப் பிடித்தாள்.
என் மௌனம் முழுசாகக் கேட்டது.
அதன்மேல் தறி.
அதற்கும் மேல் யாரோ கோப்பையைக் கீழே வைக்கும் ஓசை.
ஜன்னலுக்கு வெளியே
எங்கள் தெருத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது.
எது எந்தக் காதில் என்று
கொஞ்ச நேரம் பிரிக்க முடியவில்லை.
பார்லிமெண்ட் வருவதற்குள் லைன் அறுந்தது.

வெட்டாமல் விட்டது தெரிந்தால்
சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று ஜெரால்டு பயப்படுவான்.
அவனிடம் சொல்வதாக இல்லை.