இருபது நிமிடம்

ஐந்து ஹெச்பி மோட்டாருக்குக்
காயில் கட்டும் கை இது.
முந்நூறு ரூபாய் ஹெச்எம்டியைத் திறந்ததும்
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றது.

செல்வராணி புருவம் திருத்தும் இடுக்கி,
அவளுக்குத் தெரியாமல்.
சோற்றுத்தட்டில் திருகாணிகள்,
எள்ளில் பாதி.
ஒன்று தெறித்தது.

மூன்று நாள் பட்டறைத் தரையைத் தடவினேன்.
கடைசியில்
பழைய ஸ்பீக்கர் காந்தத்தை இழுத்துக்கொண்டே போக
வார்னிஷ் டப்பாவின் அடியிலிருந்து வந்து ஒட்டியது.
காந்தத்தோடு தூக்கித் தட்டில் வைத்தேன்.

மேட்டூர் திறந்த அன்றைக்கு
சாவி கொடுத்தேன். ஓடியது.
ஓடியது என்றால்
மணிக்கு இருபது நிமிடம் முன்னால்.

போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன்:
மயிரிழைச் சுருள்
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது.
காந்தம் ஏறிவிட்டது.
காந்தம்தான் எனக்குச் சோறு போடுகிறது,
எனக்கே தோன்றவில்லை.

கரண்ட் ஓடும் காயிலுக்குள் விட்டு
மெல்ல வெளியே இழுத்தால் இறங்கிவிடும்.
தெரியும்.
இன்னும் செய்யவில்லை.

இன்றோடு ஒன்பது நாள்.
கொரடாச்சேரியில்
வெள்ளையாறு மணலாகவே கிடக்கிறது.
என் கையில் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

ரெகுலேட்டர் பக்கம் பக்கிரிசாமி
மணி கேட்டார்.
பார்த்ததைச் சொன்னேன்.
“அவ்வளவு ஆச்சா?” என்று
சைக்கிளை மிதித்தார்.