இரண்டே முக்கால்

விவாகரத்து மார்ச் மாதமே ஆகிவிட்டது.
ஆனாலும் வெண்டெல் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறான்,
துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில்.
கட்டிலில் கால் நீட்டினால் பாய்லர் இடிக்கும்.

வீட்டுக்கடன் இரண்டே முக்கால் வட்டியில் வாங்கியது.
அந்த வருஷம் பணம் மலிவு,
நாங்களும் ஒருவர்மேல் ஒருவர் பைத்தியம்.
இன்று விற்றுப் பிரிந்தால் ஆளுக்கொரு ஏழு.
ஸ்போக்கேனில் ஒற்றை அறை வாடகை
பள்ளிப் பேருந்து ஓட்டி நான் வாங்கும் சம்பளத்தில்
பாதியைத் தின்றுவிட்டு
மீதியையும் முறைத்துப் பார்க்கிறது.

நீதிமன்றம் பிரித்தது.
மாதம் ஆயிரத்து நூற்றுப் பத்து டாலருக்கு
வங்கி சேர்த்துவைத்திருக்கிறது.

ஃப்ரிட்ஜின் நடுவே நீல டேப் ஒட்டியிருக்கிறோம்.
இடப்பக்க முட்டைகள் என்னுடையவை.
டஜன் ஏழு டாலருக்கு ஏறிய வாரம்
ஒன்று குறைந்தது.
கேட்கவில்லை.
மறுநாள் அவன் பக்கத்து வெண்ணெயில்
ஆழமாகவே கத்தியை இறக்கினேன்.

புதன்கிழமை வானொலியில் வட்டி அறிவிப்பு.
நான் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன்.
அவன் கீழ்ப்படியில், டயர் கடைச் சட்டையோடு.
மூச்சுவிடாமல் கேட்டோம்.
கல்யாணத்தன்றுகூட
இரண்டு பேரும் ஒரே விஷயத்தை
இவ்வளவு உருக்கமாக வேண்டியதில்லை.

மாற்றமில்லை என்றார்கள்.

கொஞ்ச நேரம் பாய்லர் மட்டும் முனகியது.
பிறகு அவன் கேட்டான்:
"குப்பை இன்றைக்கு யார் முறை?"

என் முறைதான்.
தொட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.
எதிர்வீட்டு 'விற்பனைக்கு' பலகைமேல்
இரண்டாவது குளிர்காலத்துப் பனி
குந்தியிருந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
வழுக்கும் படிகளில் எனக்காக
உப்பு தூவிக்கொண்டிருந்தான்,
அளந்து அளந்து.
உப்பும் விலை ஏறியிருக்கிறது.