அரை மில்லிமீட்டர்

திருப்பாலைக்குடி தாண்டி, உப்பளம் முடிகிற இடத்தில்
மேல்மூடியைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.
ஆறு நாள் ஆறவிட்ட இரும்பில்
இன்னும் காய்ச்சல்காரர் நெற்றிச் சூடு.

உள்ளே இருப்பவை நான் வரைந்தவை.
ஓடாத தகடுகள்.
ஓடுகிறவற்றை எல்லோருக்கும் தெரியும்:
நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று,
ஆண்டறிக்கை அட்டையில் பளபளவென்று படம்.
இவை நின்ற இடத்தில் நின்று
நீராவியின் தாடையைப் பிடித்துத் திருப்புகின்றன.
இந்தப் பக்கம் போ.
அவ்வளவுதான் வேலை.

எட்டு மாதம் ஒரு வளைவோடு குடித்தனம்.
அடியிலும் நுனியிலும் நீராவி
சுருண்டு சண்டை பிடிக்கிறதென்று
தகட்டை லேசாய் வில்போல வளைத்தேன்.
பின்விளிம்பை மெலித்தேன்.
உடைந்துவிடும் என்றார்கள், ஒரு மயிரிழை தடித்தேன்.
திரையில் சிவப்பெல்லாம் அடங்கி நீலமானபோது
முக்கால் சதவீதம் மிச்சம்.
அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.
என் பெயரை 'வஹீதா' என்பதற்கு 'வகிதா' என்று
க்ரீமில் எழுதியிருந்தார்கள்.

நீராவிக்குக் குறுக்குவழி தெரியும்.
நிற்கும் வளையத்துக்கும் சுழலும் தண்டுக்கும் இடையே
ஓர் இடுக்கு,
அதில் புகுந்து
ஒரு வேலையும் செய்யாமல் அடுத்த அறைக்குப் போய்விடும்.
அங்கே பல் பல்லாய் அடைப்பு வைப்போம்.
ஒவ்வொரு பல்லிலும் இடறி இடறி
கடைசியில் கொஞ்சமாய்க் கசியும்.
பல்நுனியில் விடுகிற இடைவெளி
வழக்கமாய் முக்கால் மில்லிமீட்டர்.
நான் அரை என்று எழுதினேன்.
கீழே கையெழுத்தும் போட்டேன்.

இன்னாசி ஃபீலர் கேஜை இடுக்கில் விடுகிறார்.
அரை போகிறது. முக்கால் போகிறது.
ஒன்றேகால் போகிறது, தடையே இல்லாமல்.
"கீழ்ப்பக்கம் பாருங்க மேடம்."
டார்ச் வெளிச்சத்தில்
பற்கள் மழுங்கி, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து.
தண்டில் நீலம் பாரித்த தழும்பு.

கமுதிப் பக்கம் வெயிலை அறுக்கத் தொடங்கியபின்
இந்த எந்திரத்தைக் காலையில் அணைக்கிறார்கள்,
பொழுது சாயக் கிளப்புகிறார்கள்.
அணைத்தால் கீழ்ப்பாதி சீக்கிரம் ஆறும்,
மேல்பாதி சூட்டை விடாது.
உறை பூனைபோல முதுகைத் தூக்கும்.
அப்போது அடியில் இருக்கும் பல்
மேலேறித் தண்டைத் தொடும்.
அந்த நேரம் பார்த்து உருட்டினால்
அரை மில்லிமீட்டரெல்லாம் ஒரு வாய்ச் சோறு.

என் கணக்கில் எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.
என் வரைபடத்தில் சாயங்காலம் இல்லை.

"மொத வருசம் உரசுச்சு மேடம், ஒரே அதிர்வு.
அப்புறம் உரசல.
தனக்கு வேண்டிய எடத்த அதுவே எடுத்துக்கிடுச்சு"
என்றார் இன்னாசி.
குற்றம் சொல்லவில்லை.
அது இன்னும் மோசமாக இருந்தது.

மதியம் கடல்நீர் வாங்கும் கால்வாய்க் கரையில் நின்றேன்.
கச்சான் வீசியது.
வலையில் அப்பிய சொறிகளை
இரண்டு பேர் வாரியடித்துக்கொண்டிருந்தார்கள்,
நாளைக்கும் வரும் என்ற அவசரமின்மையோடு.
பரோட்டா பொட்டலத்தின் பின்பக்கம்
அடைப்பு வளையத்தை ஆறு துண்டாக வரைந்தேன்.
துண்டுக்கு இடையே ஸ்பிரிங்.
கிளம்பும்போது அது வளையத்தை விலக்கிப் பிடிக்கட்டும்.
ஓட்டம் நிதானப்பட்டு அழுத்தம் ஏறியபின்
அதே நீராவி முதுகில் தள்ளி
நெருக்கி வைக்கட்டும்.
கசியப் பார்க்கிறவனையே காவலுக்கு வைப்பது.
சால்னா ஊறி ஐந்தாவது துண்டு சரியாகத் தெரியவில்லை.

இன்னாசி தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
"நல்லாருக்கு" என்றார்.
மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு,
"கண்டென்சர் குழாய் ஒண்ணு ஓட்டையானாப் போதும்,
கடத்தண்ணி கலந்து ஆவியோட உப்பும் வரும்.
ஸ்பிரிங்ல பூத்துச்சுன்னா?"

எழுதிக்கொண்டேன்.
ஆறு மணிக்குக் கமுதியில் வெயில் தீர்ந்தது.
எங்கேயோ வேறொரு எந்திரம்
முதுகை வளைத்தபடியே
உருளத் தொடங்கியிருக்கும்.