பன்னிரண்டரைக் கிலோ

சாகாமம் குளத்தில் அளவுகோல் வாசிப்பது என் உத்தியோகம்.
காலை ஆறு மணிக்கு ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம்.
எத்தனை அடி, எத்தனை அங்குலம்.
அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை.
குசினிக் கதவின் உட்புறத்தில்
ஒவ்வொரு சிலிண்டரும் பூட்டிய திகதியை
நீலப் பேனையால் எழுதி வந்தேன்.

முதலாவது, கடல் வந்த பிறகு கட்டின இந்த வீட்டில்.
றாவியா அதைத் தொடப் பயந்து
விறகிலேதான் ஆக்கினாள்.
தேத்தண்ணிக்கு மட்டும் திருகுவாள்:
பிஸ்மி சொல்லி, முகத்தை அங்கால் திருப்பி,
எரியும் குச்சியைத் தூர நின்று நீட்டுவாள்.
நூற்றுப் பதினொரு நாள்.

பிந்தி எல்லாம் முப்பத்தெட்டு, நாற்பது.
நோன்பு மாதத்தில் இருபத்தொன்பது.
றிஸ்லானின் சுன்னத்துக்கு வந்த சனத்துக்கு
தேத்தண்ணி ஊற்றியே
பதினாறு நாளில் ஒன்று போனது.
ஜெஸ்மியா புலமைப்பரிசில் பாஸான கிழமை
எழுத மறந்துபோனேன்.
அந்த இடத்தில் வெறும் கோடு.

றிஸ்லான் கட்டாருக்குப் போனான்.
அடுத்தது ஐம்பத்துமூன்று நாள் எரிந்தது.
"நல்ல நிறையான சிலிண்டர் ஒண்டு வாய்ச்சிருக்கு காக்கா"
என்றான் கடைக்காரன்.
நான் ஒன்றும் பேசவில்லை.
குளத்தில் எண் குறைந்தால் வற்றுகிறது என்று அர்த்தம்.
இங்கே எண் கூடக் கூட
வீடு வற்றியது.

பிறகு ஜெஸ்மியாவுக்குக் கலியாணம்.
எங்கட வழக்கப்படி வீடு அவளுக்கு.
மாப்பிள்ளை பெட்டியோடு முன்வாசலால் வந்தார்.
நாங்கள் பாயும் சட்டியும் கொண்டு
பின்வளவில் கட்டின இரண்டு அறைக்குப் போனோம்.
எட்டி வைத்தால் பதினெட்டு அடி.
உறுதியில் கதவும் சேர்த்தி,
பதின்மூன்று வருடம் என் கையெழுத்தைச் சுமந்த கதவு.
பெயின்ற் அடிக்க வந்தவரிடம் அதை மட்டும்
விடச் சொன்னாராம் மாப்பிள்ளை.
நான் கேட்கவில்லை.

புதுக் குசினியில் கதவு வெள்ளை.
முதல் சிலிண்டர் தொண்ணூறு நாள் கடந்தும் எரிந்தது.
எனக்குப் பயம் பிடித்தது,
குனிந்து வால்வைப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன்.
மறுகாதான் விளங்கியது.
"ரெண்டு பேருக்கு ஆக்கினா உப்புக் கணக்கு வருகுதில்ல"
என்று விடிந்ததும் அங்கே போய்விடுகிறாள் றாவியா.
அங்கே இருபத்தாறு நாளில் முடிகிறது.
என் கடைசித் திகதிக்குக் கீழே
மகள் கறுப்புப் பேனையால் எழுதியிருக்கிறாள்,
என்னைப் போலவே
ஏழுக்கு நடுவில் ஒரு வெட்டுப் போட்டு.

காஸ் இல்லாத அந்த வருடம்
இரண்டு கதவிலும் ஒன்றும் இல்லை.
பொத்துவில் வீதியில் விடிய விடிய வரிசை.
மருமகனும் நானும்
வெறும் சிலிண்டரில் மாறி மாறிக் குந்தியிருந்து
அப்போதுதான் கதைக்கப் பழகினோம்.
கடல் வந்தபோது அவருக்கு ஒன்பது வயது,
தென்னையில் யாரோ ஏற்றிவிட்டார்கள்.
யாரென்று இன்றைக்கும் தெரியாது என்றார்.
வரிசை ஒரு முழம் நகர்ந்தது.
எழும்பி, உருட்டி, திரும்பக் குந்தினோம்.

இந்தப் பெருநாளுக்கு றிஸ்லான் வந்திருக்கிறான்.
சுபஹு தொழுதுவிட்டு வருகிறோம்,
வட்டிலப்பம் பாதி அவியலில் நிற்க
தீ நீலமாய்ச் சுருங்கி அடங்கிப்போனது.
கடை எல்லாம் பூட்டு.
ஒரு பக்கம் மகன், மறு பக்கம் மருமகன்,
புதுச் சாரன் கசங்க
பின்வளவிலிருந்து எங்கள் சிலிண்டரைத் தூக்கி வந்தார்கள்.
பின்னால் பேரன், கையில் குறடு,
அது தன் வயதுக்குப் பாரம் என்று ஒப்புக்கொள்ளாமல்.
பூட்டினோம். பற்றியது.

எழுத வேண்டுமே.
பாதி அங்கே எரிந்தது, மீதி இங்கே எரியப்போகிறது.
எந்தத் திகதி, எந்தக் கதவு?
பேனையைத் திறந்தபடி நின்றேன்.
றாவியா கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள்.
"முதல்ல அந்தக் கதவச் சாத்துங்க,
காத்துக்கு அடுப்பு நூரப்போகுது."