பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர்

வியாழன் இரவு பத்து தினார் கணக்கில் முட்டிக்கொண்டோம்.
கணக்குக்குப் பின்னால் நின்றது வேறொன்று.
அதை இருவருமே தொடவில்லை.
விளக்கை அணைத்தபின் குழாய் மட்டும் பேசியது,
சொட்டு, சொட்டு என்று, விடியும்வரை.

வெள்ளிக்கிழமை பிலோமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு
ஸிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டாள்.
ஏப்ரலிலிருந்து ஒழுகுகிறது.
ஹாரிஸிடம் நாலு முறை சொல்லியாயிற்று.
நாலு முறையும் "புக்ரா" என்றார்.
ஃபஹாஹீல் காலண்டரில்
அந்த நாளை இன்னும் அச்சடிக்கவில்லை.

நான் டார்ச் பிடித்தேன்.
குழாய்ப் பாதைகளின் வரைபடம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்
வீட்டில் வகிக்கும் பதவி அது.
"கொஞ்சம் இடது."
"என் கண்ணுல அடிக்காதீங்க."
"பன்னிரண்டு."
நீட்டினேன்.
"இது பதினாலு."
மதியம்வரை எங்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு.
ஆனாலும், ஊமை வீட்டில் ஓர் எண்
எவ்வளவு பெரிய வாக்கியம்!

கழற்றிய வாஷர் அவள் உள்ளங்கையில் கிடந்தது,
மென்று துப்பிய பாக்கு மாதிரி.
இத்தனூண்டு ரப்பருக்கா
இரண்டு மாதத் தூக்கத்தைக் கொடுத்தோம்?

மாலையில் பால்கனி.
ஏசி சொட்டும் நீரைப் பெயின்ட் வாளியில் பிடித்து
அதில்தான் வளர்கின்றன
இரண்டு மிளகாய், ஒரு கறிவேப்பிலை, பெயர் மறந்த ஒன்று.
கறிவேப்பிலையின் முதுகில் மாவுப்பூச்சி.
சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியை முக்கி
இலை இலையாக அவள் தேய்த்தாள்,
எக்ஸ்ரே அறையில் குழந்தைகளைத் திருப்பிப் படுக்கவைக்கும்
அதே இரண்டு விரல்களால்.
நான் பை மண்ணைப் பிரித்தேன். ஒன்றரை தினார்.
மண்ணை விலைக்கு வாங்கியதை
அப்பாவிடம் இதுவரை சொன்னதில்லை.

சனிக்கிழமை குளியலறை ஷெல்ஃப்.
மேல்மாடி சிரியாக்காரரிடம் ட்ரில் இரவல்.
பென்சிலால் குறித்துவிட்டு
பிலோமி அப்படியே நின்றாள்.
விசை மேல் விரல்; அழுத்தவில்லை.
"செப்டம்பர்ல கான்ட்ராக்ட் முடியுது," என்றாள் சுவரிடம்.
"மூணு மாசத்துக்கு எதுக்கு ஓட்டை?"

வியாழக்கிழமை தொடாமல் விட்டது
பத்து தினாரைத் தள்ளிவிட்டு
டைல்ஸ் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்குப் பதில் தெரியவில்லை.
தெரியாதவன் செய்வதைச் செய்தேன்,
டார்ச்சைக் குறியில் அடித்தேன்.
பட்டப்பகல். டார்ச் தேவையே இல்லை.

அவள் அழுத்தினாள்.
ட்ரில் தடுக்கவே இல்லை. வெண்ணெயில் போவது போல் போனது.
உள்ளிருந்து வெள்ளையாய் ஏதோ சுருண்டு வந்தது.
முகர்ந்து பார்த்தாள்.
"பேஸ்ட்டு!"
புதினா வாசம்.
அட்வான்ஸ் பிடித்துவிடுவார்களென்று
முன்னால் குடியிருந்த எவரோ
பற்பசையால் அடைத்து, விரலால் வழித்து,
சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.
சரியாக அதே இடம்.
சரியாக அதே உயரம்.
அவருக்கும் ஒரு ஷெல்ஃப் வேண்டியிருந்திருக்கிறது.
அவரும் எத்தனை மாதத்துக்கென்று கேட்டுக்கொண்டாரோ என்னவோ.

பிலோமி சிரிக்கத் தொடங்கினாள்.
மூடிய கமோடின் மேல் உட்கார்ந்து,
மடியில் ட்ரில், மூக்கில் சுண்ணாம்பு,
நிறுத்த முடியாமல்.

நாலு மணிக்குத் தூசிக்காற்று வந்தது.
துடைத்த ஜன்னல், கழுவிய இலை, கூட்டிய பால்கனி
எல்லாம் ஒரே நிறமாயின.
எங்கள் இரண்டு நாள் உழைப்பில்
காற்று கைவைக்காதது குழாய் ஒன்றுதான்.

இரவு, சொட்டுச் சத்தம் இல்லை.
பழகிய காதுகளுக்குத் தூக்கம் வரவில்லை.
"முழிச்சிருக்கீங்களா?"
"ம்."
"ஷெல்ஃப் கோணலா இருக்கு."
"நேராத்தான் இருக்கு," என்றேன்.
இடப்பக்கம் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது.
ஷாம்பூ பாட்டில் நகர்ந்து நகர்ந்து
ஓரத்தில் நிற்பதை
பல் தேய்க்கும்போதே பார்த்துவிட்டேன்.

"அடுத்த வெள்ளி சரிபண்ணணும்," என்றாள்.
"சரி," என்றேன்.
"பன்னிரண்டாம் நம்பரை எடுத்து வைக்கிறேன்."
"அதுக்கு ஸ்க்ரூ டிரைவர்."