வெளுத்ததெல்லாம்

திங்கட்கிழமை விடியுமுன்னே
சிந்தாமணி ரோட்டில் எங்கள் வாட்டர் சர்வீஸ் வாசலில்
வண்டிகள் வரிசைகட்டிவிடும்.
டெம்போ டிராவலர் மூன்று, இன்னோவா ஒன்று,
சீனிராஜின் பழைய வேன்.
எல்லாம் ராமேஸ்வரம் போய் வந்தவை.

நான் போனதில்லை.
ஆனாலும் கடல் எனக்குத் தெரியும்.
மிதியடியின் குழிகளில் அடைத்துக்கொண்ட மணல்,
சீட்டுக்கடியில் நாறும் சிப்பி,
கண்ணாடிப் படகு டிக்கெட்டில் பாதி,
அப்புறம் அந்த வெள்ளைக் கை.
சீட்டின் முதுகில், ஜன்னலில், கதவுப் பிடியில்
ஐந்து விரலும் பதிந்திருக்கும்.
தண்ணீரைப் பீய்ச்சினால் அசையாது,
நகத்தால் சுரண்டவேண்டும்.
சுரண்டினால் தேங்காய் வாசம்.

சித்திரையில்
தார் இளகிச் செருப்பைப் பிடிக்கிற வெயிலில்
தலைக்கு ஒரு துண்டு போதும் இந்த ஊருக்கு.
கடலென்று கிளம்பினால்தான்
கருத்துப்போயிருவோமே என்று கவலை வருகிறது.
ஆளுக்கொரு ட்யூப்,
அதன்மேல் ஐம்பது என்று எண்,
பாஸான மார்க் மாதிரி.

"ஏறும்போதே பூசிருவாங்கக்கா" என்பான் சீனிராஜ்.
"பரமக்குடியில டீ குடிச்சுட்டு இன்னொரு தடவ.
அரியமான்ல இறங்குனதும் நேரா தண்ணிக்குள்ள.
நாலு வண்டிக் கூட்டம் குளிச்சு ஏறுனா
ரசத்துல எண்ணெ மிதக்குமே,
அப்படி மினுங்கும் கடலு."

போன மாதம் இன்னோவாவின் பின்சீட்டில்
நனைந்தும் கிழியாத ஒரு தாள் கிடந்தது.
பென்சில் எழுத்து.
ஆழம் மூன்று மீட்டர்.
உயிரோடு ஒன்பது.
வெளுத்தவை பதினான்கு,
அதை அடித்துவிட்டுப் பதினைந்து.
கீழே ஒரு போன் நம்பர்.

எடுத்தவள் பெயர் ரெஜினா. தூத்துக்குடிப் பேச்சு.
"அந்தத் தாளா! போட்டோ எடுத்து அனுப்புதியளா?"
அனுப்பிவிட்டுக் கேட்டேன்,
வெளுத்தவை என்றால்?
"பவளம்லா. அதுக்குள்ள பாசி மாதிரி ஒண்ணு குடியிருக்கும்.
நிறமும் அதுதான், சோறும் அதுதான்.
தாங்க முடியலன்னா அதை வெளிய தள்ளிரும்.
அப்புறம் எலும்புதான் தெரியும்."
எங்க ஊர்க்காரர்கள் பூசுகிற கிரீமாலா?
"அது ஒரு பங்கு.
தண்ணி சூடாயிட்டே போகுதே, அதுதான் பெரும் பங்கு."
கொஞ்சநேரம் பேச்சில்லை.
"சின்னப் பங்குன்னு சொன்னா போதும்,
எல்லாரும் நிம்மதியாப் போய்ருவாவ."

வெளுத்ததெல்லாம் பால் என்று
நம்பித்தான் நானும் வளர்ந்தேன்.
பெண்பார்க்க வருமுன் ஆறு மாதம்
என் முகத்தில் ஏறாத மாவில்லை.
நாங்கள் கேட்ட வெளுப்பு
முகவரி மாறிப் போய்
மூன்று மீட்டர் ஆழத்தில் இறங்கியிருக்கிறது.

வைகை கடலுக்குப் போவதில்லை.
மழை கொட்டித் தீர்த்த வருஷம் தவிர
ராமநாதபுரம் கண்மாயோடு படுத்துக்கொள்ளும்.
ஆற்றால் ஆகாததை வேன் செய்கிறது,
வாரம் தவறாமல்
மதுரையைக் கொண்டுபோய்க் கடலில் கரைக்கிறது.

மிச்சத்தை நான் கரைக்கிறேன்.
சுரண்டிய வெள்ளை, ஷாம்பு நுரை, டீசல் படலம்
எல்லாம் கிருதுமால் வாய்க்காலில் விழுகிறது.
அது குண்டாறு போய்ச் சேருமாம்,
குண்டாறு கடலுக்காம்.
இதை ரெஜினாவிடம் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை ராத்திரி
அந்தத் தாளின் ஜெராக்ஸை
சீனிராஜ் வண்டியின் டேஷ்போர்டில் ஒட்டினேன்,
மடப்புரத்துக் காளி படத்துக்குப் பக்கத்தில்.
"என்னக்கா, ஸ்கோரா? யாரு பேட்டிங்?"
நாமதான்டா என்றேன்.
சிரித்துக்கொண்டே சாவியைத் திருகினான்.

ஏறியவர்களில் ஒருத்தி
மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.
கையில் ட்யூப் எதுவும் இல்லை.
ஏசிக் குளிருக்காகக்கூட இருக்கலாம்.